தேக்கில் செய்த கல்யாணக் கேக்

அன்னபூரணி ரீச்சர் வீடு போய்ச் சேரும்வரை பொறுத்திருந்தால் பேர்டியின் மானம் தப்பியிருக்கும். அவரோ கல்யாண மண்டபத்திலேயே கேக் பெட்டியைத் திறந்து, பளபளக்கும் தாளை உரித்து, முன்பல்லால் ஒரு கடி கடித்தார். ‘டொக்’ என்றது.

“இதென்னகா ஓட்றி, கேக்கா, கதவா?” என்று பேர்டியின் மனைவியைக் கேட்டார்.

கதவில்லை; நல்ல தேக்கு. மணப்பெண் தானியாவின் தகப்பன், தச்சர் பேர்டி, அளவாய் அறுத்து வழுவழுவென்று இழைத்த துண்டு.

கல்யாணத்துக்கு முதல் நாள் கேக் பெட்டிகளுக்குக் காவலிருந்தவர் அவர்தான். கல்யாணக் கோட்டுக்குள் நுழைய வேண்டுமே என்று காலையிலும் சாப்பிடவில்லை, மத்தியானமும் இல்லை. பின்னேரம் ஒன்றே ஒன்று என்று எடுத்தார். பிறகு கை நிற்கவில்லை. ருசி தெரியவில்லை, வயிறு வலித்தது, கண் கலங்கியது. வாய் மட்டும் வேறு யாருடையதோ போல மென்றுகொண்டே இருந்தது. காலிப் பெட்டிகளைப் பார்த்துத் திடுக்கிட்டவருக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணக் கேக்கைக் கன்னிப்பெண்கள் தலையணைக்கடியில் வைத்துக் கனவு காண்பதுதானே நம்ம பறங்கியர் வழக்கம்? யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? பட்டறைக்குப் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்துவிட்டார். பென்சன் எடுத்த ரீச்சருக்குக் கனவைவிடக் கேக்கில்தான் விருப்பம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் அமண்டா எழுந்தாள். “எங்கட சனத்துக்கு மரத்துண்டா? நைஜல், எழும்பு மனே, போவம்!”

கேக் சுட்ட ஓட்றி அழத் தொடங்கினாள். மனைவியின் அழுகையைப் பேர்டியால் தாங்க முடியவில்லை.

“அவளப் பேசாதீங்க. நான்தான் திண்டன். ஏலாமப் போன பிறகும் திண்டன்.”

அமண்டா அவரையும் அவர் வயிற்றையும் பார்த்தாள். சிரித்தபடி உட்கார்ந்தாள். மண்டபமே சிரித்தது. தானியா மட்டும் சிரிக்கவில்லை.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருசம் அவர்களுடைய வீட்டோடு மகன் பிரட்லியும் போனான். அகதி முகாமில் அவன் பெயருக்கும் ஒரு சோற்றுப் பார்சல் வந்துகொண்டிருந்தது. பெயரை வெட்டச் சொல்ல மனமில்லாமல் அதையும் பேர்டியே தின்றார். சண்டை முடிந்து, பாதையெல்லாம் திறந்து, மகளுக்குக் கல்யாணமும் வந்துவிட்டது. அவர் மட்டும் ஒளித்து ஒளித்து இன்னும் அந்தப் பார்சலைத்தான் தின்றுகொண்டிருந்தார். இதற்கு வழி கேட்டபோது பாதிரியார் உபவாசம் இருக்கச் சொன்னார். கூட்டாளிகள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். ஓட்றி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டாள்.

“நீ நேர்ஸ்தானே மகள், நீயாவது சொல்லு. நான் தீனிப் பண்டாரமா?”

தானியா முக்காட்டை ஒதுக்கிவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

“இல்ல டடா. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம். பிரட்லியட கவலைக்கு நீங்க சாப்பாட்ட மருந்தாக்கிட்டீங்க. பட்டினி கிடந்தா மறுகா இன்னும் கூடத்தான் தின்ன வரும். மூணு நேரமும் அம்மாவோட இரிந்து சாப்பிடுங்க. மனசுக்குப் பாக்கிற டொக்டரிட்ட நானே கூட்டிப்போறன். மாறும், ஆனா ஒரு நாளில மாறாது. பூட்டும் வேணாம், வெக்கமும் வேணாம். ஒளிச்சா வளரும் டடா. இண்டைக்குச் சொன்னீங்க பாருங்க, அதான் முதல் மருந்து.”