செய்துகாட்டிய பாடம்

உர்சுலாவுக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாளா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அவள் சிங்கப்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் எடுத்தாள். மற்ற விரிவுரையாளர்கள் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள், புரிந்தவன் பிழைத்துக்கொள்வான். உர்சுலாவோ கதவைச் சாத்திவிட்டு நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்வாள். புரிந்ததை முதலில் அவரவர் வீட்டு மொழியில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஹொக்கியன் சீனமோ மலாயோ தமிழோ, எதுவானாலும் சரி. பிறகு எல்லாரும் சேர்ந்து அதை ஆங்கிலமாக்குவார்கள். ஒரே சந்தைக்கடை இரைச்சல்தான். ஆனால் அவள் வகுப்பு தேறியது.

சம்சுன்னிசா தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். ஆங் மோ கியோவிலிருந்து பஸ் பிடித்து வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளோடு தமிழ் பேச வகுப்பில் ஆளில்லாததால் உர்சுலாவே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மின்னோட்டம் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று அந்தப் பெண் புட்டுப் புட்டு வைத்தாள். அன்று உர்சுலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

துறைத் தலைவர் அருளானந்தமும் அவள் போகும் மாதா கோயிலுக்குத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கிளாஸ் ரிசல்ட் மட்டும் எப்படி இப்படி வருது? எல்லா லெக்சரருக்கும் வந்து சொல்லுங்களேன். ஷேர் பண்ணாத்தானே நல்லது?"

வெறுமனே பேசிவிட்டு வந்திருக்கலாம். செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பினாள்.

"அவ்வளவு பேர் முன்னாடியா மிஸ்? எனக்கு இங்லீஷ் வராதே," என்றாள் சம்சுன்னிசா.

"தமிழ்லயே சொல்லும்மா. இங்லீஷ்ல நான் சொல்லிக்கிறேன். பயப்படாதே."

கூட்டத்தன்று சம்சுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பலகையில் சுற்றை வரைந்து, ஒரு பிசகில்லாமல் சொன்னாள். கூட்டம் கைதட்டியது.

அடுத்த வாரமே அவளை டிப்ளமாவிலிருந்து எடுத்து, அதற்குக் கீழான சான்றிதழ் படிப்பில் போட்டுவிட்டார்கள்.

உர்சுலா அருளானந்தத்தின் அறைக்கு ஓடினாள். "அவளுக்குப் பாடம் தெரியும் சார். நீங்களே கேட்டீங்களே!"

"பாடம் தெரியும் லா. இங்லீஷ் இவ்வளவு வீக்குன்னு நீங்க காட்டலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? அவ நல்லதுக்குத்தான். உங்க மெத்தட் பிரமாதம். அடுத்த மாசம் வேற காலேஜ்ல பேசணும். இன்னொரு ஸ்டூடண்டைக் கூட்டிட்டு வாங்க."

கெஞ்சினாள், கத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. வாழ்நாளில் யாரையும் அவள் அவ்வளவு வெறுத்ததில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் சம்சுன்னிசா நின்றிருந்தாள். "என்ன தப்பு செஞ்சேன்னு அத்தா கேட்டாங்க மிஸ். மிஸ் சொன்னதைத்தான் செஞ்சேன்னு சொன்னேன்." குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் உர்சுலாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை வகுப்பில் வழக்கம்போல நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். ஆனால் இரைச்சலே எழவில்லை. தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முணுமுணுத்தார்கள்.

"வீட்டுப் பேச்சே பேசுங்களேன். கதவு சாத்தித்தானே இருக்கு," என்றாள் உர்சுலா.

முன்னால் இருந்த இப்ராஹீம் நிமிர்ந்து பார்த்தான். வகுப்பிலேயே அதிகம் மலாய் பேசுகிறவன் அவன்தான். அன்று தட்டுத் தடுமாறி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்.

"வேணாம் மிஸ். நீங்க போய்ச் சொல்லிடுவீங்க."