ஒட்டினதா, மாறினதா?

சலவைக் கடைக்கு எந்தக் கறை வந்தாலும் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒட்டினதா, மாறினதா? மெழுகு சும்மா ஒட்டியிருப்பது. ஐஸ் வைத்தால் உதிர்ந்துவிடும், உதிர்ந்த பிறகும் மெழுகுதான். இஸ்திரிப் பெட்டி சுட்ட இடமோ வேறு பொருளாகவே மாறிப்போனது, தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாது.

அன்று அழுக்கு மூட்டையில் அவள் கையில் சிக்கியது புருஷனின் வெள்ளைச் சட்டை. பின்தோளில் சிவப்பாக ஒரு கறை. உதட்டுச்சாயம்தான் என்று நினைத்தாள். கடையில் புதிதாக இஸ்திரி வேலைக்குச் சேர்ந்தவள் உதட்டுச்சாயம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். அவள் மடிப்பு என்ன, சுறுசுறுப்பு என்ன என்று இந்த மனிதர் வேறு ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். உடம்பு சரியில்லை என்று அந்தப் பெண் நேற்றிலிருந்து வேலைக்கு வரவில்லை.

"யாரோட உதடு இது?"

"பைத்தியமா உனக்கு? டெலிவரிக்குப் போன இடத்துல எதுவோ பட்டிருக்கு. நானே சோப்புப் போட்டுத் தேச்சேன், போகல."

உதட்டுச்சாயம் என்றால் மெழுகுப் பசை இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசையே இல்லை. துருவாக இருக்குமோ என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். கண்ணெதிரே சிவப்பு மஞ்சளாக மாறியது.

மஞ்சள்தூள்! சோப்பு பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்கே வரும். மாறின பிறகும் திரும்பி வருகிற அபூர்வமான ஜாதி.

"பாத்தியா? உதடாம், உதடு!" என்று அவர் சிரித்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வெட்கத்தோடு சட்டையை விளக்கடியில் விரித்தாள்.

மஞ்சள் நான்கு கோடுகளாக இறங்கியிருந்தது. தன் கையை மேலே வைத்துப் பார்த்தாள். விரல்கள்தான், அவள் விரலைவிட மெல்லியவை. சமையலுக்கு நடுவில், கையைக்கூடக் கழுவாமல், உரிமையோடு தோளைப் பிடித்த கை.

கல்யாண சீசன் வேலையில் இவர்கள் வீட்டு அடுப்பு பற்றவைத்தே பல நாளாகிறது. இரண்டு பேருக்கும் ஓட்டல் பொட்டலம்தான்.

உதடாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது ஒரு நிமிஷத் தப்பு. இது ஒரு குடித்தனம்.

அவள் சட்டையை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்து அவ வீட்டுல என்ன சமையல்?"

அவர் சிரிப்பு நின்றுபோனது.