புள்ளிக்குக் கூலி

பட்டறையில் எனக்கு வைத்த பெயர் ஊசி. வாயைத் திறந்தால் குத்துகிறேனாம். குத்தத்தான் செய்வேன். குத்துவதற்குத்தானே எனக்குக் கூலி கொடுக்கிறார்கள்? அதிலும் பாதிக் குத்துக்குக் கூலி கிடையாது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

பித்தளைத் தகட்டில் கையால் எழுத்து வெட்டுகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, பரிசுக் கோப்பை, அலுவலக மேசையில் வைக்கும் பெயர்த் தகடு, எல்லாம் எங்கள் உளியிலிருந்து வருகிறவைதான். கூலி எழுத்துக் கணக்கு. கொம்பு போட்டால் அது ஓர் எழுத்து, கால் போட்டால் அது ஓர் எழுத்து. புள்ளிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. 'கல்' என்று வெட்டினாலும் 'கல' என்று வெட்டினாலும் இரண்டு எழுத்துக் கூலிதான்.

"ஒரு குத்துதானேம்மா? அதுக்குப் போய் காசு கேப்பாங்களா?" என்பார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மருமகன். பட்டறையைப் பார்த்துக்கொள்பவர். கல்யாணமான நாளிலிருந்து எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. நாங்கள் மரியாதையாக 'மாப்பிள்ளை சார்' என்போம்.

அந்த ஒரு குத்தை அவரே உட்கார்ந்து ஒரு நாள் குத்திப் பார்க்க வேண்டும். கோடு இழுப்பதில் ஒரு ஓட்டம் இருக்கிறது, உளி தானாகப் போகும். புள்ளிக்கு ஓட்டம் கிடையாது. முனையை ஊன்றி, இடது கையால் தகட்டை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த நேரம் முழுக்க உளி வழுக்காமல் பிடித்து நிறுத்துவது வலது கையின் கட்டைவிரல்தான். அதுதான் பிரேக். பிரேக் பிடிக்கவில்லை என்றால் உளி சர்ரென்று ஓடி, அதுவரை வெட்டிய பெயர் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு விழும். தகடும் போச்சு, அன்றைக்கு உட்கார்ந்ததும் போச்சு.

வேலை நிரந்தரமா என்று கேட்டால் சிரிப்புதான் வரும். பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு வந்து புதிதாகச் சேர வேண்டும். ஒன்பது வருடமாக நான் அந்தப் பட்டறைக்குப் புதுசு.

இத்தனைக்கும் எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். லென்ஸுக்குக் கீழே குனிந்துவிட்டால் உலகம் ஒரு சாண் பித்தளையாகிவிடும். மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து தகட்டின் மேல் உட்காரும். உளி போகப் போக உலோகம் சுருள் சுருளாக எழுந்து, ஒரு நொடி நின்று, உதிரும். 'ழ' வெட்டும்போது அதன் வளைவுக்குள் இறங்கி நடந்துபோகிற மாதிரி இருக்கும். மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் தூரத்தில் யாரோ யாரையோ தாலாட்டுவதுபோல் கேட்கும். மணி என்ன, காலையில் சாப்பிட்டேனா, மூக்கில் அரிக்கிறதா, ஒன்றும் தெரியாது. தலையைத் தூக்கினால் சாயங்காலமாகியிருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் என் கட்டைவிரல் என்னை விட்டுப் போயிருந்தது. கையில்தான் இருந்தது. ஆனால் என்னுடையதாக இல்லை. தொட்டால், பக்கத்தில் தூங்குகிற யாருடைய விரலையோ தொடுவதுபோல் இருந்தது. சரி, விடிந்தால் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். விடிந்தது. அது வரவில்லை.

வீட்டில் நானும் தங்கையும்தான். அவள் தையல்காரி. ஊசியை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தாள்.

"வலிக்குதாக்கா?"

"குத்திட்டியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் மணிக்கட்டை அழுத்தி, மடக்கிப் பார்த்துவிட்டு, "நரம்பு நெரியுதும்மா. சின்ன ஆபரேஷன்தான். ஆறு வாரம் உளியைத் தொடக் கூடாது. இப்படியே விட்டீங்கன்னா அப்புறம் உணர்ச்சி திரும்பவே திரும்பாது" என்றார்.

ஆறு வாரம்! எனக்கு முன்னால் என் இடத்தில் ஒருத்தி இருந்தாள். கண்ணில் ஏதோ சிகிச்சை என்று இரண்டு வாரம் லீவு கேட்டாள். "தாராளமா போயிட்டு வாங்க" என்றார்கள். திரும்பி வந்தபோது அவள் முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியுமா? ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

"மூச்சு விடாதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

ஆறு மாதம் சமாளித்தேன். எல்லோரும் டீ குடிக்க இறங்கிப் போன பிறகு தனியாக உட்கார்ந்து புள்ளி வைப்பேன். விரலால் உணர முடியாததைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நிறுத்துவேன். வழுக்கியதைத் தேய்த்துத் தேய்த்து மறைப்பேன். கனவிலும் புள்ளிதான். பெரிய பித்தளை வெளி ஒன்றில் நடக்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் என் கட்டைவிரல் நீந்திக்கொண்டிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது சனியன். "மேல வா" என்று கூப்பிடுவேன். வராது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது தகடு ஆர்டர் வந்தது. எல்லாம் மருத்துவர்கள் பெயர். மருத்துவர் என்ற சொல்லிலேயே இரண்டு புள்ளி, பெயருக்கு வேறு தனி.

டீ நேரத்தில் வாயைத் திறந்தேன். "காசு கிடையாதுன்னு சொல்றதை நாம ஏன் வெட்டணும்? புள்ளிக்குக் கூலி இல்லேன்னா புள்ளியும் இல்ல. எழுத்தை மட்டும் வெட்டிக் குடுப்போம். என்ன சொல்றீங்க?"

சண்டை போடுவார்கள், பயப்படுவார்கள், நாலு நாள் இழுக்கும் என்று நினைத்தேன். நான் முடிப்பதற்குள் எல்லாக் கையும் மேலே. மூத்தவர் சாமியார்கூடத் தூக்கினார். காவி எல்லாம் இல்லை. வாரத்துக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதனால் அந்தப் பெயர். நியாயத்துக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கூடவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. நான் கேட்டதில் பாதிதான் நியாயம், மீதி என் விரல். அது எனக்கு மட்டும்தானே தெரியும்.

அடுத்த பத்து நாள் சொர்க்கம். புள்ளி இல்லாத எழுத்துகள் தலைப் பாரத்தை இறக்கிய கூலிக்காரர்கள்போல் தகட்டில் லேசாக நடந்து போயின. என் உளி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வெயில் வந்தது, போனது. தகட்டைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற மாப்பிள்ளை ஒன்றையாவது படித்துப் பார்த்தாரா? படிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

படித்தவர் ஒரு பல் மருத்துவர். கையில் தகடோடு படியேறி வந்தார். முதல் பத்துத் தகட்டில் அவருடையதும் போயிருக்கிறது.

"என்னங்க இது? 'பல மருததுவர'! காலையிலேருந்து ஆளுங்க வந்து மத்தவங்கல்லாம் எங்கேன்னு கேக்குறாங்க. நான் ஒருத்தன்தான்யா இருக்கேன்!"

எங்கள் ஆறு பேரில் இளையவளான சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பல் மருத்துவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு எங்களிடம் வந்து குதித்தார். நாங்களும் விடவில்லை. குதித்தார், கெஞ்சினார், மாமனாருக்கு போன் போட்டார். மூன்றாம் நாள் இறங்கி வந்தார்.

"சரி, புள்ளிக்கு அரை எழுத்துக் கூலி. போதுமா? நிரந்தரம் வேணும்னு வேற கேட்டுட்டே இருக்கீங்க. அதையும் பாத்துரலாம். சனிக்கிழமை என் கண்ணு முன்னாடி ஆளுக்கு ஒரு தகடு வெட்டுங்க. புள்ளியோட. யாரு சுத்தமா வெட்டுறாங்களோ அவங்களுக்கு அன்னிக்கே நிரந்தர ஆர்டர். சம்பளத்தோட லீவு, எல்லாம் உண்டு. சுத்தமா வெட்டாதவங்களை அப்புறம் பாத்துக்கலாம்."

'அப்புறம் பாத்துக்கலாம்' என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஜெயித்துவிட்டோம். நான் கேட்ட கூலியே வந்து என் கழுத்தைப் பிடித்தது. நிரந்தரம் கிடைத்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆறு வாரம் இருக்கலாம், விரல் திரும்பி வரும். ஆனால் நிரந்தரம் கிடைக்க வேண்டுமென்றால் அந்த விரல் இப்போதே வேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. ஜெயித்த வீடு மாதிரியே இல்லை. ஆளுக்கொரு பழைய தகட்டை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. சாமியார் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க. நான் உங்களை ஏமாத்திட்டேன். புள்ளி வேணாம்னு நான் சொன்னது நியாயத்துக்காக மட்டும் இல்ல. என் கட்டைவிரல் மரத்துப்போய் ஆறு மாசமாச்சு. என்னால புள்ளி வைக்க முடியாது. அதான் உங்களைக் கிளப்பிவிட்டேன். இப்ப நீங்க வைங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வாய் இருந்து என்ன பயன்.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். என் கையிலிருந்த உளியை வாங்கினார். தன் வலது கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைத்து, உளி முனையால் நிதானமாக ஒரு குத்துக் குத்தினார். சின்னதாக ஒரு துளி ரத்தம் எழும்பி நின்றது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மூணு வருஷம்" என்றார்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். "எனக்குப் போன மழைக்காலத்துலேருந்து" என்று கையை நீட்டினார். அடுத்தவருக்குக் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலும் போயிருந்தது. கோப்பை வெட்டுகிற அக்கா, ராத்திரியில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்குவதாகச் சொன்னாள். தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே மின்விசிறிக் காற்றை வாங்கியவர்கள் நாங்கள். நான் டீ நேரத்தில், மற்றவர்கள் விடிகாலையிலும் வேலை முடிந்த பிறகும் என்று, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் புள்ளி வைத்திருக்கிறோம். முக்காலி போய்விடுமே என்ற பயத்தில் பக்கத்து ஆளிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றைக்கு அத்தனை கையும் ஒரே நொடியில் மேலே போனது நியாயத்தின் பலம் என்று நினைத்தேனே! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

சின்னவள் மட்டும் தன் விரலைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"எனக்கு இன்னும் வரலக்கா" என்றாள். 'இன்னும்' என்று சொன்னதை அவளே கேட்டுப் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் நீ எதுக்குடி கையைத் தூக்குனே?"

"நீங்கல்லாம் தூக்குனீங்க. நானும் தூக்குனேன்."

சனிக்கிழமை மாப்பிள்ளை ஆறு புதுத் தகடுகளை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் உளியை எடுக்கவில்லை. நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், நரம்பு, ஆறு வாரம், எல்லாம்.

அவர் தாடையைத் தடவினார். ஆளைப் பிரிக்கிற வேலை அவருக்கு நன்றாக வரும். "அப்படியா? சரி. யாருக்குக் கையில பிரச்சனையோ அவங்க மட்டும் வெளில போய் நில்லுங்க. மத்தவங்க உக்காந்து வெட்டட்டும்."

நாங்கள் ஐந்து பேர் நடந்தோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சின்னவளும் வந்துகொண்டிருந்தாள். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே மாப்பிள்ளை ஆறு காலி முக்காலியையும் முப்பது ஆஸ்பத்திரித் தகட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் யாரையும் பார்க்கக் கூச்சமாக இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அங்கே பயமில்லாமல் இருந்தது.

மத்தியானம் வரை போன் பேசினார். பிறகு படிக்கட்டுக்கே வந்தார்.

"என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

"ஆறு பேருக்கும் இன்னிக்கே நிரந்தர ஆர்டர். ஒவ்வொருத்தரா ஆபரேஷனுக்குப் போவோம், சம்பளத்தோட. இந்த ஆஸ்பத்திரி ஆர்டரை மீதி ஆளுங்க எழுத்தா வெட்டுவாங்க, புள்ளியைச் சின்னவ வைப்பா. அவ கையும் போயிடாம, ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு நாங்க சொல்றதுதான் கணக்கு."

"ஆர்டர் முடிய மூணு மாசம் ஆகும்!"

"ஆகட்டும், மாப்பிள்ளை சார். ஒரு குத்துதானே?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் போட்டார்.

முதலில் நான் போனேன். சாமியார் அண்ணன்தான் மூத்தவர், அவர் போகட்டும் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். ஆபரேஷன் முடிந்து நான்காவது வாரம், கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கையின் தையல் மெஷின் ஓடுவதைக் கேட்டபடி அரைத் தூக்கத்தில் கிடந்தேன். போன் அடித்தது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். சாமியார்தான் என்று தெரிந்துவிட்டது. அவர் யாருக்கும் போன் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

"சொல்லுங்கண்ணே."

"வலிக்குதாம்மா?"

விரலைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். எங்கோ ரொம்ப தூரத்திலிருந்து, தப்பு வீட்டுக் கதவைத் தட்டுகிறோமோ என்று தயங்கித் தயங்கி, ஒரு வலி வந்தது.

"வலிக்குதுண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, "எனக்கு மூணு வருஷமாச்சே. வருமா?" என்றார்.

"தெரியலண்ணே. நாளைக்கே போங்க" என்றேன்.