மிதக்கும் கெட்டில்

கெட்டில் மேசையில் உட்கார மறுத்தது. நிஜக் கெட்டில் இல்லை. அது ஜன்னலோர மேசைமேல், கிழிந்த துண்டுக்கும் இரண்டு வெங்காயத்துக்கும் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் வரைந்த கெட்டில்தான் மேசைக்கு ஒரு விரற்கடை மேலே மிதந்தது.

மற்றதெல்லாம் வந்துவிட்டது. கிட்டப் போனால் வெறும் வண்ணத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் அதே திட்டுகள் சேர்ந்து வெங்காயமாகும், துண்டாகும். பார்ப்பவரின் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். கெட்டிலிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. நிழல் போதவில்லையோ என்று கறுப்பை அப்பினாள். அப்ப அப்ப நிழல் பள்ளமாகி, கெட்டில் இன்னும் மேலே போயிற்று.

நாளைக் காலை இந்தப் படத்தோடு பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். பிடித்துப்போனால் ஓவிய டீச்சர் வேலை. இல்லையென்றால் ஆயுளுக்கும் அண்ணன் வீட்டுப் பின்னறைதான்.

கதவைத் தட்டாமலே நாத்தனார் வந்தாள், கையில் சாக்கோடு. இவளைப் பிரிந்துபோன தன் தம்பியின் சாமான்களை மூன்று நாளாக அவள்தான் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கெட்டில் எங்க அம்மா வாங்கினது."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் அண்ணி. படம் முடியல."

"பன்னெண்டு வருஷமா வரைஞ்சு கிழிச்சது போதாதா? அவன் ஒரு வாய் டீ கேட்டா பெயிண்ட் காஞ்சிடும்ப."

"டீ போட்டது நான்தான். இதே கெட்டில்லதான்."

"அதான் அடி கரியா கெடக்கு."

கரியைக் காட்டவே கெட்டிலைத் தூக்கினாள் நாத்தனார். சாக்கின் வாயைப் பிரிக்க அதைக் கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள்.

தூக்கும்போதெல்லாம் கெட்டிலின் அடியில் ஓடிய ஒரு கறுப்புக் கோடு காணாமல் போயிற்று. மேசைமேல் விழுந்த நிழலோ கறுப்பே இல்லை. மர வரிகள் தெரியும் நீலச் சாம்பல்.

"இன்னொரு தடவை வைங்க அண்ணி."

"வச்சா விட மாட்ட. உன்னைத் தெரியாதா எனக்கு?"

கெட்டில் சாக்குக்குள் போயிற்று. சாக்கு வாசல் தாண்டிப் போயிற்று. மேசையில் அது இருந்த இடத்தில் வெயில் மட்டும் கிடந்தது.

அவள் அழவில்லை, அதற்கு நேரமில்லை. சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் நிழலுக்குள்ளும் புகுந்துவிடும். பாத்திரம் மேசையைத் தொடும் இடுக்கில் மட்டும் அந்த வெளிச்சம் புகாது.

அப்பிய கறுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். நிழலை மெல்லிய நீலச் சாம்பலில் பரப்பினாள். அடி மேசையைத் தொடும் இடத்தில் மட்டும் மயிரிழை அளவு கறுப்பு வைத்தாள். கெட்டில் உட்கார்ந்தது.