பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

மருந்துக்கடையில் அவள் இருமல் மருந்து கேட்டதும், பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் சட்டென்று திரும்பினார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கிவிட்டது. அவளுக்கு இது பழகிப்போன விஷயம். ஊருக்கெல்லாம் தெரிந்த குரல், பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாத முகம். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நடிகைக்குப் படத்துக்குப் படம் குரல் கொடுத்தவள் இவள்தான். காதலித்தது, சண்டை போட்டது, கடைசிக் காட்சியில் செத்துப்போனது எல்லாம் நடிகையின் உதடும் இவளுடைய தொண்டையும் சேர்ந்துதான். படம் முடிந்து வரிசையாக ஓடுகிற பெயர்களில் வண்டி ஓட்டியவர் பெயர்கூட வரும். இவள் பெயர் வந்ததில்லை. பேசியது வேறு ஆள் என்று தெரிந்தால் மயக்கம் கலைந்துவிடும் என்பார்கள். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வருத்தப்படுகிறோமா என்று யோசிப்பதையே விட்டுவிட்டாள்.

இப்போது அந்தப் பெயருக்குத்தான் வேளை வந்திருந்தது. அந்த நடிகை சினிமாவை விட்டு விலகப்போகும் சமயத்தில், தானே பாடி ஒரு பாப் ஆல்பம் வெளியிட்டிருந்தாள். அன்றைக்கு அது போணியாகவில்லை. இத்தனை காலம் கழித்து யாரோ ஒரு பெண் அதில் ஒரு பாட்டுக்கு ஆடிப் போட்ட வீடியோவால், அன்று பிறந்தே இராத பிள்ளைகளெல்லாம் அதை முணுமுணுக்கிறார்கள். கம்பெனி அதைப் புது அட்டை போட்டு மறுபடி கொண்டுவருகிறது. முதல் பாட்டுக்கு முன்னால் நடிகை பேசும் மூன்றே வாக்கியங்கள் உண்டு. அதை மட்டும் இவள் பேசித் தரவேண்டும் என்று கம்பெனிக்காரர் ஃபோனில் கேட்டார். பழைய ரசிகர்களுக்கு நடிகை என்றால் இவள் குரல்தான், காசு கொடுத்து வாங்கப்போவதும் அவர்கள்தான் என்றார். நடிகையிடம் கேட்டாயிற்றா என்று இவள் கேட்டதற்கு, அவர் எங்கோ மகன் வீட்டோடு இருக்கிறார், உங்கள் இஷ்டம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்றார். கடைசியாக, அட்டையில் உங்கள் பெயரும் இருக்கும் என்றார்.

"நடிகை பேருக்குக் கீழயா, பக்கத்துலயா?" என்று மகள் கேட்டாள்.

"அதை நான் கேக்கல."

"இத்தனை வருஷமா ஊரான் வாய்க்குப் பேசியாச்சு. உனக்குன்னு பேச மட்டும் வாய் வராதேம்மா."

அவள் சிரித்துக்கொண்டே வெந்நீரில் உப்புப் போட்டாள். குரல் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் செய்கிறதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். குளிர்ந்தது தொடவில்லை. யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆனாலும் தொண்டைக்குள் என்னவோ உட்கார்ந்திருந்தது. சரியாக வருமா என்ற பயம் என்று நினைத்தாள். அது பயம்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அந்த ஆல்பத்தை அவள் முழுதாகக் கேட்டதே இல்லை. கேசட் வந்த புதிதில் வாங்கலாம் என்று கடைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு பெண் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இது அந்த நடிகை குரலே இல்லை, மூக்கடைத்த யாரையோ பாடவிட்டு ஏமாற்றுகிறீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடு என்றாள். கடைக்காரர் அலுத்துப்போய், காலையிலிருந்து இது எத்தனையாவது ஆளோ என்றார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டபோது இவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கேசட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே அன்று நெடுநேரம் பாடினாள்.

நடிகையை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஆல்பத்துக்கெல்லாம் முன்பு. குரல் பதிவு நடந்த இடத்துக்கு ஒருநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அம்மா இறந்து மகள் அழும் காட்சி. இவள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் நடிகை கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். நடிக்கும்போது தனக்கு அழுகை வரவில்லை, இப்போதுதான் வந்தது என்றாள். கரகரவென்று, பானைக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். இவ்வளவு அழகான முகத்துக்கு இப்படியா என்று இவள் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். நடிகை குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒண்ணு பண்ணினீங்களே, அது என்னங்க?"

"மூச்சுதாங்க. ஒரு துளி உள்ள இழுத்துக்குவேன். வேற ஒண்ணுமில்ல."

நடிகை தலையாட்டினாள். வெளியே கார் ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் மகளைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். "அக்கா, எங்கம்மா உங்க வசனத்தைச் சொல்லித்தான் என்னை அடிப்பாங்க" என்றார். எந்தப் படம் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக், அந்தப் பக்கம் அவர். நேரத்துக்குச் சரியாகப் பேசவேண்டும் என்பதால் பழைய பதிவை முதலில் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

ஒரு இரைச்சல். பிறகு அந்தக் கரகரத்த குரல்.

"நான்தான். இதுல எல்லாப் பாட்டும் நானே பாடினது. பிடிச்சா... கேளுங்க."

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். இன்னொரு தடவை. 'கேளுங்க' என்பதற்கு முன்னால், இரைச்சலுக்கு அடியில், ஒரு துளி மூச்சு உள்ளே போனது. அவசரமில்லாமல், கேட்கிறவரைக் காக்கவைத்துவிட்டு. எத்தனையோ படங்களில் இவள் இழுத்த மூச்சு. சொந்தக் குரலில் பேசக் கிடைத்த ஒரே இடத்துக்கு நடிகை அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அன்று கடை வரைக்கும் போன தான் இதை வாங்கிக் கேட்டிருக்கலாம்.

"கஷ்டமா இருக்காக்கா? வேணும்னா வரியை மாத்திக்கலாம்."

"வேணாம்பா. வரி சரியாத்தான் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "அட்டை அச்சுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நீங்க பேசி முடிச்சதும்தான் பேர் சேர்ப்பாங்க."

அவள் தலையாட்டினாள். ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். தொண்டையில் உட்கார்ந்திருந்தது இப்போது இல்லை, குரல் தெளிவாக வரும் என்று தெரிந்தது. பழைய குரல் காதில் ஓடட்டும், அதோடு சேர்ந்து பேசுகிறேன் என்றாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மைக்குக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்தான், என்றது காதுக்குள் குரல். அவள் உதடுகள் அசைந்தன. முன்னே பின்னே ஆகாமல், எழுத்துக்கு எழுத்து, திரையில் அந்த முகம் எப்படி அசைந்ததோ அப்படியே. கடைசி வார்த்தைக்கு முன்னால் இருவரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் அவள் வாயைப் பார்த்தார். குனிந்து, குரல் அளவு காட்டும் மீட்டரைப் பார்த்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. முள் படுத்த இடத்திலேயே கிடந்தது.