முன்பாய்க் கயிறு இப்போது ஸ்டெபியின் கையில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி ஜெபஸ்டினின் மனைவி ஸ்டெபி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"மைனி, நான் ஸ்டெபி பேசுதேன். புன்னக்காயலுக்கு நேரா கடலுக்குள்ள நிக்கோம். மோட்டார் ஸ்டார்ட் ஆகல. இவங்க கயித்த இழுத்து இழுத்துப் பாத்தாங்க, நெஞ்சு வலிக்குன்னு படுத்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது. காத்து கரையில இருந்து அடிக்கு. பாய நான்தான் பிடிச்சிருக்கேன், மைனி, எனக்கு—"

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் எண் கிடைக்கவில்லை. கடலோரக் காவல்படைக்குச் சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி சாப்பிடாமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு புன்னக்காயலுக்குக் கிளம்பிவிட்டார். "நீ போனோட இரி. அது கூப்பிட்டா எடுக்க ஆளு வேணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குத் தெரிந்த வேலை எழுதுவது ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. என் கதைகளில் யாராவது ஒருவர் செத்துப்போவார். "அக்கா கதைக்குள்ள போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல. என்னை மட்டும் எழுதிராத தாயே" என்று ஜெபஸ்டின் கையெடுத்துக் கும்பிடுவான். ஆகவே இது அவனைப் பற்றிய கதை இல்லை. ஸ்டெபியைப் பற்றியது. அவன் படகின் தட்டில் படுத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை.

2

தொடக்கம் ஒன்று: "கடல் அமைதியாக இருந்தது." பச்சைப் பொய். ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இங்கே என் கொல்லையிலேயே வாளியை உருட்டுகிறது.

தொடக்கம் இரண்டு: "ஸ்டெபிக்கு நீச்சல் தெரியாது." உண்மைதான். ஆனால் இதை முதல் வரியில் வைத்தால் அவள் எப்போது விழுவாள் என்று நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம்.

தொடக்கம் மூன்று: "அவன் முகம் வெளுத்து, உதடு—"

(அந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா.)

தொடக்கம் நான்கு. ஜெபஸ்டின் கப்பலில் எஞ்சினியர். இருபது வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டு, சத்தமில்லாத படகு வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய பாய்ப்படகை வாங்கித் தூத்துக்குடியில் கட்டிவைத்தான். இருபத்திரண்டு அடி. இரண்டு பேர் படுக்க ஓர் அறை, ஒரு ஸ்டவ். பின்னால் பெயருக்கு ஒரு சின்ன மோட்டார். பாளையங்கோட்டைக்காரனுக்குப் படகு எதற்கு என்று சபையில் சிரிக்காத ஆள் இல்லை. அவன் படகுக்கு 'எபெனேசர்' என்று வேதத்திலிருந்து பெயர் வைத்து, சபைப் போதகரான ஐயரை வரவழைத்து ஜெபம் பண்ணினான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்க முடியவில்லை.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

படகில் இரண்டு பாய்கள். பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். முன்னால் முக்கோணமாக முன்பாய். சுக்கான் ஜெபஸ்டினுடைய வேலை. முன்பாயின் கயிறு ஸ்டெபியினுடையது. "இழு" என்றால் இழுப்பாள். "விடு" என்றால் விடுவாள். எவ்வளவு என்று கேட்கமாட்டாள், அவனே "போதும்" என்பான்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் நம்பிக்கை போகிறது. ஸ்டெபி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள். மேலே இருப்பவர் சொல்லாமல் ஒரு தாளை நகர்த்தாதவள். போதாக்குறைக்கு எங்கள் எல்லோரையும்போல, எதைத் தொடங்கினாலும் கண்ணை மூடிவிடுவாள். ஸ்கூட்டரை எடுக்குமுன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். ஊசி போடப் போனாலும், பரீட்சைத் தாளைத் திறந்தாலும், பஸ் ஏறி உட்கார்ந்தாலும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தால் பிள்ளைகளுக்குத் தொடையில் கிள்ளு விழும்.

ஆகவே அவள் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதினேன்:

"ஸ்டெபி கண்ணை மூடினாள். 'இயேசப்பா' என்றாள். படகின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. முன்பாய் படபடவென்று அடித்தது. படகு நின்றது. பிறகு பின்னுக்கு, கடலை நோக்கி—"

அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் படிக்கும்படி விட்டிருக்கிறேன், ஏனென்றால் இப்போது அங்கே நடந்துகொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

[அடிக்குறிப்பு. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகாலும் போக முடியாது. கரை மேற்கே இருக்கிறது, காற்றும் மேற்கிலிருந்து வருகிறது. எனவே வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று குறுக்கும் மறுக்குமாகத்தான் கரைக்கு ஏற வேண்டும். முன்பாய் சரியாக நின்றால் ஏறலாம். இல்லாவிட்டால் மூக்கு கரையைப் பார்த்திருக்கும், படகு மட்டும் பக்கவாட்டில் நழுவி நழுவிக் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரி இருப்பது கரையில்.]

4

போன்.

என் வீட்டுக்காரர்தான். "ஹெப்சி, வந்துட்டேன். ஞாயித்துக்கிழம பாத்தியா, ஒருத்தரும் தொழிலுக்குப் போகல. படகெல்லாம் மணல்ல கெடக்கு. சொன்ன ஒடனே நாலு பேரு ஒண்ண இழுத்து எறக்குதாங்க."

"படகு தெரியுதா?"

"ஒரு பாய் தெரியுது. வெள்ளையா. ரொம்ப தூரம்."

"சாஞ்சிருக்கா, நேரா நிக்கா?"

"சாஞ்சிருக்கு."

"ரொம்பவா?"

"ஏ, எனக்கு என்னட்டி தெரியும். சாஞ்சிருக்கு." மூச்சு வாங்கினார். "கிட்ட வரல. அங்கனயே நிக்க மாதிரி இருக்கு. பக்கத்துல நிக்கவரு, வெளிய தள்ளிட்டுப் போகுதுங்காரு. இவங்க எஞ்சின மாட்டி, எண்ணெய் ஊத்தி, அலையத் தாண்டிப் போகணும்லா. அதுவர அது வெளிய போகாம இருக்கணும்."

வைத்துவிட்டார்.

சாய்ந்திருக்கிறது, ஆனால் வரவில்லை. அப்படியானால் அவள் கயிற்றை விட்டுவிடவில்லை. இழுத்துப் பிடித்திருக்கிறாள். உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறாள். பயந்த கை அதைத்தான் செய்யும்.

பாய் படபடத்துப் படகு நின்றதாக நான் எழுதியதும் போயிற்று.

5

பாய், கயிறு விஷயமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கம்பளி நூலால் தெரியும். பெண்கள் ஐக்கிய சங்க விற்பனைக்காக நான் வருடாவருடம் ஸ்வெட்டர் பின்னுகிறேன். திருநெல்வேலி வெயிலில் அதை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள், நானேதான் வாங்குகிறேன். போன கிறிஸ்துமஸ் சமயம் ஜெபஸ்டின் வந்து என் கூடையிலிருந்து சிவப்பு நூலை வெட்டி எடுத்தான். முன்பாயின் முன்விளிம்பை ஒட்டி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று துண்டு ஒட்டினானாம். "ரெண்டு பக்க நூலும் ஒண்ணா பின்னால ஓடுனா பாய் சரியா இருக்கு. உள்பக்க நூல் துள்ளுனா கயித்த இழுக்கணும். வெளிப்பக்க நூல் தொங்குனா விடணும். அவ்வளவுதான் அக்கா, ஒன் பின்னலவிட லேசு" என்றான். அப்போது ஸ்டெபி முறுக்குத் தட்டோடு வாசலில் நின்றாள். கேட்டாளா? கவனித்தாளா? எனக்குத் தெரியாது. இந்தக் கதை அவள் கேட்டாள் என்று வைத்துக்கொண்டுதான் மேலே போக முடியும்.

ஸ்டெபி இடது முழங்கையால் சுக்கானை அணைத்திருந்தாள். கயிற்றை வின்ச் என்கிற உருளையில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். விரல் மடிப்புகள் எரிந்தன. படகு ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீர் ஓரத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு வேகம் என்று அவள் நினைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புன்னக்காயல் கோயில் கோபுரம் முன்பைவிடச் சின்னதாக இருந்தது.

"இழுக்கவா, விடவா?" என்று கேட்டாள்.

காற்றை மீறிச் சத்தம் போட்டாள்.

"உங்களத்தான். இழுக்கவா, விடவா?"

கண்ணை மூடப்போனாள். இமை பாதி இறங்கியது. அந்தப் பாதிக் கண்ணில் பாயின் சிவப்பு நூல் பட்டது. இந்தப் பக்கத்து உள்நூல் ஒழுங்காகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வெளிநூல் துணிக்குள் நிழலாகத் தெரிந்தது. அது ஓடவில்லை, செத்த புழுவாகத் தொங்கியது.

விடணும்.

விட வேண்டும் என்றால் கையிலிருப்பதைத் தளர்த்த வேண்டும். கையில் அது ஒன்றுதான் இருந்தது. ஒரு சாண் விட்டாள். நிழல்நூல் ஒருமுறை எழும்பி விழுந்தது. இன்னும் நாலு விரல் விட்டாள். நூல் எழுந்து, நடுங்கி, இந்தப் பக்க நூலோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. படகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஓரத்து நுரை குறைந்தது, ஆனால் பின்னால் தண்ணீர் நேர்க்கோடாக விழுந்தது.

"கர்த்தாவே, கண்ணத் திறந்துக்கிட்டுத்தான் கேக்கேன், கோவிச்சுக்கிடாதீரும்" என்றாள் ஸ்டெபி. நூலைப் பார்த்தபடியே ஜெபித்தாள். உள்நூல் துள்ளினால் "ஆண்டவரே" என்று கொஞ்சம் இழுத்தாள். வெளிநூல் தொங்கினால் "உமக்குச் சித்தமானால்" என்று கொஞ்சம் விட்டாள். படகைத் திருப்பி முன்பாயை மறுபக்கம் போட வேண்டி வந்தபோதும் கண்ணை மூடவில்லை. பாய் இடிபோல அடித்தது, கயிறு அவள் தோளில் சாட்டையாக விழுந்தது. அந்தப் பக்கத்துக் கயிற்றை இழுத்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நூலைப் பார்த்து, "போதும்" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

(இது எழுதியது. நடந்தது அல்ல.)

6

முடிவுகளைப் பார்க்கலாம்.

முதல் முடிவு: படகு கரைக்கு வருகிறது. ஜெபஸ்டின் எழுந்து, "வாயுதான்" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். இதை எந்தப் பத்திரிகையும் போடாது. ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்திவிட்டு வாயு என்று முடிப்பது வாசகரை ஏமாற்றுவது என்று ஆசிரியர் எழுதுவார்.

இரண்டாவது முடிவு: ஸ்டெபி எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறாள். இரண்டு நூலும் ஒன்றாக ஓடுகின்றன. படகு அழகாகக் கரைக்கு ஏறுகிறது. அவள் திரும்பி, "பாத்தீங்களா, நானே—"

வாக்கியம் முடிவதற்குள் அவனைப் பார்த்துவிடுவாள். இதுதான் நல்ல கதை. எழுத்து தெரிந்த யாரும் இதைத்தான் எழுதுவார்கள். இவ்வளவு நேரமாக என் கை இதை எழுதத்தான் துடிக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள் நான் மோசமான எழுத்தாளராக இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு முதல் முடிவு போதும். வாயு என்று சொல்லட்டும், அவனை நானே செருப்பால் அடிக்கிறேன்.

7

போன்.

"ஹெப்சி, பாய் கரையப் பாத்து வருது. அங்கயும் இங்கயும் திரும்பித் திரும்பி வருது. கூட நிக்கவங்க, யாரு ஓட்டுதான்னு கேக்காங்க. எறங்குன படகு கிட்ட போயிட்டு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்கியா? ஆம்புலன்சும் வந்து நிக்கு."

"தம்பி?"

"இங்கன ஒருத்தரு பைனாகுலர் வச்சிப் பாக்காரு." குரல் தணிந்தது. "ஒரு ஆளுதான் தெரியுதுங்காரு. உக்காந்திருக்கது பொம்பளையாளு."

செம்பை நகர்த்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

"படுத்திருந்தா தெரியாதுல்லா" என்று அவரே சொன்னார். "சுவரு மறைக்கும்லா படகுக்கு. வையி, கரைக்கு வந்ததும் கூப்பிடுதேன்."

போனின் திரை அணைந்துவிட்டது. நான் திருப்பி அழைக்கவில்லை. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அது அவன் பக்கம் திரும்பிவிடும். ஸ்டெபியை இதுவரை கொண்டுவந்தேன், அல்லது அவளே வந்தாள். இனி என்னால் ஆகாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

அவள் காற்றுப் பக்கத்துப் பலகையில், முழுக்க நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அருகில் இன்னோர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவனைத் தூக்கி அங்கே உட்கார வையுங்கள்.