அப்பாவின் வீட்டுப்பாடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நானாக எழுத நினைத்த கதையல்ல, வீட்டுப்பாடம். அதுவும் எனக்குக் கொடுத்ததல்ல. அப்பாவின் மனநல ஆலோசகர், "அன்னிக்கு நடந்ததை உங்க கையால எழுதிட்டு வாங்க சார், ஒரு பக்கம் போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டு வெள்ளைத்தாளை என் மேசையில் வைத்தார்.

"நீதானே அச்சகத்துல பிழை திருத்துற. எழுதிக் குடுத்துடு."

"அப்பா, இது உங்களுக்குக் குடுத்தது."

"பூட்டு வேலை வந்தா நான் பார்க்கிறேன். எழுத்து வேலை வந்தா நீ பாரு. இதுல என்னம்மா இருக்கு?"

ஆகவே எழுதுகிறேன். கதையில் அவரைப் பூட்டுக்காரர் என்றே சொல்லப்போகிறேன். அப்பா என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடுகிறது.

2

எழுதி, பாதியில் விட்ட தொடக்கங்கள்:

பூட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு கதவைக்கூட உடைத்ததில்லை. (உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.)

காலை வெயில் குளியலறைக் கதவின்மேல் மெல்ல (வெயிலே இல்லை. மேகமூட்டம். அம்மா இறந்த நாளுக்கு வெயில் கொண்டுவர நான் யார்?)

மகள் அப்போது அச்சகத்தில் இருந்தாள். அவளுக்குத் தொலைபேசியில்தான் சொன்னார்கள்.

இந்தக் கடைசி வரியை இப்போதைக்கு அடிக்காமல் வைத்திருக்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது.

3

மனைவி குளியலறைக்குள் விழுந்து இறந்து ஒரு வாரம் ஆனதும், பூட்டுக்காரர் வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு, காற்று வந்தால் அந்த வீட்டின் கதவுகள் தாமாகத் திறக்கும், தாமாகச் சாத்திக்கொள்ளும். யாரோ அறைக்கு அறை போய்வருவது போலிருக்கும். பகல் வெளிச்சம்கூட அங்கே தரையில் படாமல் மிதக்கும். தண்ணீருக்கடியில் குடியிருக்கிறோமோ என்று மகளுக்குச் சில மதியங்களில் சந்தேகம் வரும்.

குளிக்கப் போகிறவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வீட்டுச் சட்டம். மகள் முந்தைய நாள் திருத்திய பக்கங்களை ஒப்பிப்பாள். பூட்டுக்காரர் வாய்ப்பாடு சொல்வார்.*

* பதினாறாம் வாய்ப்பாட்டில் தினமும் ஒரே இடத்தில் வழுக்குவார். "பதினாறேழு நூத்திரெண்டு…" "நூத்திப் பன்னெண்டுப்பா!" "தெரியும், தெரியும். நீ கேட்கிறியான்னு பார்த்தேன்." (இந்த அடிக்குறிப்பு கதைக்குத் தேவையில்லை. எடுக்க மனம் வரவில்லை.)

ஒருநாள் மகளுக்குச் சோப்பு நுரை வாய்க்குள் போய்விட்டது. குரல் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. வெளியே பூட்டுக்காரர், கண்களை இறுக மூடிக்கொண்டு, "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். மகள் கத்திவிட்டாள். அவர் நகரவில்லை. தலை துவட்டி வந்து பார்த்தபோதும் கண்ணைத் திறக்காமல் "இருக்கியா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரையாவது போய்ப் பார்க்கலாம்ப்பா" என்றாள்.

4

முதலில் பார்த்தது ஓர் இளைஞரை. நல்ல மனிதர். கண்ணை மூடி, உங்களுக்குப் பாதுகாப்பான ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அந்த ரூமுக்குக் கதவு இருக்கா தம்பி?"

"நீங்க விரும்பினா இருக்கட்டும் சார்."

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

மீதி நேரம் அந்த அறைக்குக் கதவு மாட்டுவதிலேயே போயிற்று. இன்னொரு முறை போயிருந்தால் ஜன்னலும் வைத்திருப்பார்கள்.

அடுத்து ஒரு மருத்துவர். மாத்திரை கொடுத்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தூங்காதவர் ஒரு மதியம் குறட்டை விட்டார். மகள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுபோல அதைக் கேட்டாள். தூக்கம் திரும்பியது. ஆனால் விழித்ததும் முதல் காரியமாக வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினார்.

பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னய்யா, பூட்டுக்காரன் வீட்டுலயே தாழ்ப்பாள் இல்லையாமே?"

"முதல்ல உன் சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கோ. அப்புறம் ஊர்க் கதவைப் பாரு."

தையல்காரர் சிரிக்கவில்லை. ஒரு முகவரி எழுதிய சீட்டை நீட்டினார். "என் தங்கச்சி ஒரு வருஷமாப் போறா. அந்த மேடம் அதிகம் பேச மாட்டாங்க. உனக்குச் சரியா வரும்."

5

காகிதக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கதவு திறந்தே இருக்கட்டும் என்று பூட்டுக்காரர் கேட்டார். ஆலோசகர் சரியென்றார். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பேசுவது கேட்கும் என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டுக்காரரின் பார்வை சுவரோரத்து அலமாரியிலேயே இருந்தது.

"அது மூணு வாரமாத் திறக்கல சார்" என்றார் ஆலோசகர். "சாவி சுத்துது, பூட்டு அசையல."

"பார்க்கட்டுமா?"

அவர் கழற்றக் கழற்ற, ஆலோசகர் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டி ஒவ்வொரு ஸ்க்ரூவாக வாங்கி வைத்துக்கொண்டார். கை வேலையில் இருந்ததால் பூட்டுக்காரரின் வாய் தானாகத் திறந்தது. அடுத்த வாரம் மேசை இழுப்பறை. அதற்கடுத்த வாரம் மறுபடி அலமாரி, எண்ணெய் விடுவதற்கு.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா மேடம்?"

"இல்ல சார். நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க. உங்க உடம்பு இன்னும் அந்தக் கதவு முன்னாடியே நிக்குது. முடிஞ்சிடுச்சுன்னு அதுகிட்ட யாரும் சொல்லல."

பூட்டுக்காரர் எண்ணெய்ப் புட்டியைச் சாவித்துளையில் வைத்து அழுத்தினார்.

"அன்னிக்கு அங்க உங்க பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"யாரும் இல்ல" என்றார் பூட்டுக்காரர். "நான் மட்டும்தான்."

பெஞ்சில் இருந்த மகளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த வாரம்தான் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்.

6

மகள் வீட்டில் இருந்தாள். அச்சகத்தில் இருந்தாள் என்ற வரியை இப்போது அடிக்கிறேன்.

குளியலறைக்குள் ஏதோ விழுந்த சத்தம். கூப்பிட்டாள், பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தாள். பூட்டுக்காரர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த இரண்டு தெருவையும் ஓடியே கடந்து வந்தார். தாழ்ப்பாளுக்குச் சாவித்துளை கிடையாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து, தாழை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். அது அவருக்குக் கைவந்த வேலை. உடைக்காமல் திறப்பதால்தான் அவருக்கு ஊரில் பெயர். வேறு விதமாகத் திறக்கலாம் என்றே அந்தக் கைகளுக்குத் தெரியாது.

மகள் டார்ச் பிடித்தாள். தகடு நழுவியது. மறுபடி விட்டார். மறுபடி நழுவியது.

உடைங்கப்பா.

அந்தச் சொல் அவள் வாய்க்குள் முழுசாக வந்து நின்றது. சாதாரண மரக்கதவு. இரண்டு பேர் தோளால் மோதினால் போதும். ஆனால் அப்பா வேலை செய்யும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை. பதினோரு நிமிடம். கதவு திறந்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை.

விழுந்தபோதே உயிர் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம் என்றார்கள் மருத்துவமனையில்.

நான் அங்கே இருந்தேன். பேசாமல் இருந்தேன். இவ்வளவுதான் இந்தக் கதை.

7

"எழுதிட்டியா?" என்று இன்று காலை கேட்டார். "நாளைக்குப் போகணும். நான் என்ன எழுதியிருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? உன் கோழிக் கிறுக்கல் புரியாது. நீயே படி."

முடிவுகள், எழுதி வைத்தவை:

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்டா. டார்ச்சை நேராப் பிடின்னு திட்டியிருப்பேன்" என்கிறார். (அவர் குரல் அச்சு அசலாக வந்திருக்கிறது. ஆனால் இது எனக்கு நானே எழுதிக்கொண்ட மன்னிப்பு.)

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். 'யாரும் இல்ல' என்று சொல்லிச் சொல்லி அந்தக் கதவு முன்னாலிருந்து என்னை நகர்த்தி வைத்திருந்தார். இதை எழுதி, நானே மறுபடி அங்கே போய் நின்றுவிட்டேன்.

"நீயா?" என்று கேட்கிறார். "நீ அங்கயா இருந்த?" உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அப்போது நான் (இதற்கு மேல் போகவில்லை.)

இப்போது என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாம் பகுதிவரை படித்துவிட்டேன். (படித்துக்கொண்டே எப்படி எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். கதையில் ஒருவருக்கு இரண்டு கை, இரண்டு வாய் இருக்கலாம்.) வாய்ப்பாடு வந்த இடத்தில் சிரித்தார். 'நான் மட்டும்தான்' வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் நிமிரவில்லை. மறைக்கிறாரா, மறந்துவிட்டாரா, அந்த உச்சந்தலையைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்புறம்?" என்கிறார். "கையில இன்னும் தாள் இருக்கே."

ஆறு என்ற எண்ணைப் படித்துவிட்டேன். அடுத்த சொல் 'மகள்'. நாக்கு எழவில்லை. இதை வாசிக்கும் நீங்கள் அந்தப் பகுதியை எப்போதோ படித்து முடித்துவிட்டீர்கள். முதல் எழுத்தை மட்டுமாவது எடுத்துக்கொடுங்கள்.